68,000 ரூபாய் செலவழித்துப் பழைய டீசல் காரை ஓட்டுவதா, இ.எம்.ஐ. போட்டுப் புதுசு எடுப்பதா?

கேள்வி: பொள்ளாச்சியில் ஒரு மில்லில் கணக்காளராக இருக்கிறேன். பிடித்தம் போக 46,000 ரூபாய் சம்பளம், அதில் வீட்டுக் கடன் தவணை 14,000. எங்கள் ஸ்விஃப்ட் டீசல் 2011 ஜூனில் பதிவானது, 1,84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இப்போதெல்லாம் காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, வால்பாறை ஏறும்போது கறுப்புப் புகை கக்குகிறது, பிக்கப்பும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டருக்கு 28,000, டர்போ 24,000, கிளட்ச் செட் 11,000, கூலி 5,000 என்று 68,000 எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மெக்கானிக் ஷெட்டில் பழைய டீசல் கார்க்காரர்கள் நாலைந்து பேர் கூடுவோம். ஒருவர் டீசலில் டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் பைக்குக்கு ஊற்றுவது) ஊற்றச் சொல்கிறார், ஒருவர் புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்வைத் தகடு வைத்து அடைக்கச் சொல்கிறார், அம்பாசடர் வைத்திருக்கும் அண்ணன் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து பார் என்கிறார். மனைவியோ விற்றுத் தொலையுங்கள் என்கிறாள். ஷோரூமில் 1,25,000க்கு எடுத்துக்கொண்டு புதுக் காருக்கு 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருடம் என்கிறார்கள். டெபாசிட்டில் 1,60,000 இருக்கிறது. வருடத்துக்கு 9,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: அந்த எஸ்டிமேட்டை மடித்து டேஷ்போர்டில் போட்டுவிடுங்கள். அதைப் பார்த்து முடிவெடுக்கும் கட்டத்துக்கு நீங்கள் இன்னும் வரவில்லை. எதைச் சோதித்துப் பார்த்து டர்போ போய்விட்டது என்றார்கள் என்று நீங்களும் எழுதவில்லை, அவர்களும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

எனக்கே இது நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் டீசல் காரில் இதே கறுப்புப் புகை, இதே பிக்கப் குறைவு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் டர்போவைக் கழற்றி வேறு மாட்டினார்கள், நானும் ஊருக்கெல்லாம் பணப் புத்தி சொல்கிறவன் வாயைத் திறக்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன், புகை மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. டர்போ அழுத்தித் தள்ளும் காற்று அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாது, எரியாதது கறுப்பாக வெளியே வரும். இவ்வளவுதான் விஷயம். அந்த ஹோஸின் விலையைச் சொன்னால் இன்றைக்கும் வீட்டில் சிரிப்பார்கள்.

அதனால் மலிவான சோதனையில் ஆரம்பித்து மேலே போங்கள். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஹோஸ்கள், காலை ஸ்டார்ட்டுக்கு உதவும் ஹீட்டர் பிளக் நாலும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது, அப்புறம் ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் கரி சுரண்டுவது. இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் டெஸ்ட் என்று ஒன்று உண்டு, பம்ப், நாசில் வேலை பார்க்கும் கடைக்காரர்களுக்குத் தெரியும். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் லைனிலும் ஆளுக்கொரு சின்ன பாட்டிலை மாட்டி இன்ஜினை ஓட விட்டால், எது அளவுக்கு மேல் டீசலைத் திருப்பி விடுகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். மூன்று பாட்டில் ஒரே மட்டத்தில் நின்று ஒன்று மட்டும் நிரம்பினால் பழுது ஒன்றில்தான். நாலுக்கும் 28,000 எதற்கு? மாற்றும் இன்ஜெக்டரின் மேல் பொறித்திருக்கும் குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வைத்து இன்ஜினின் கணினியான ஈ.சி.யூ.வில் ஏற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், அதைச் செய்யாமல் விட்டுவிட்டு ஐட்லிங் சரியில்லை என்று மறுபடி உங்களை அலைய வைக்கும் ஆட்கள் உண்டு.

டர்போவைப் பொறுத்தவரை, ஹோஸுக்குள் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதைக் காட்டி 'போச்சு சார்' என்பார்கள். அந்தப் பிசுக்கு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், இன்ஜின் மூச்சுவிடும் குழாய் வழியாக வருவது. நீலப் புகை வருகிறதா, ஆயில் மட்டம் குறைகிறதா, டர்போவின் ஷாஃப்டைக் கையால் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? மூன்றும் இல்லையென்றால் அந்த 24,000 உங்களிடமே இருக்கட்டும்.

கிளட்சை மட்டும் நான் நம்புகிறேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, அதில் ஏறி இறங்கும் வண்டியில் கிளட்ச் தேயாமல் வேறு என்ன தேயும். ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் கூடி வண்டி அதற்கேற்ப நகராமல் இருந்தால் மாற்றிவிடுங்கள், யோசிக்க வேண்டாம். என் கணக்குக்கு கிளட்ச், அதன் கூலி, மேலே சொன்ன சோதனைகள், சுத்தம் எல்லாம் சேர்த்து இருபதாயிரத்தை ஒட்டி முடியும். ரிட்டர்ன் டெஸ்டில் ஒரு இன்ஜெக்டர் பழுது என்று தெரிந்தால் இன்னொரு ஏழாயிரம்.

ஷெட் நண்பர்களின் யோசனைகளுக்கு வருகிறேன். அவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை டீயோடு கிடைக்கும் இந்த மாதிரிப் பேச்சில்தான் எந்தக் கடைக்காரர் நேர்மையானவர் என்பதே தெரியவரும். ஆனால் ஒரு வண்டியின் வைத்தியம் இன்னொரு வண்டிக்கு விஷமாகலாம். அம்பாசடர், பழைய இண்டிகா எல்லாம் மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் இன்ஜின்கள், எதைக் குடித்தாலும் இருமிக்கொண்டே ஓடிவிடும். உங்களுடையது காமன் ரெயில், அதாவது ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறும் பம்ப், அதற்கு வழவழப்பே டீசலிலிருந்துதான் கிடைக்கிறது. மண்ணெண்ணெய் கலந்தால் பம்பும் தேயும், நாசிலும் தேயும், எஸ்டிமேட்டில் இருக்கும் 68,000 நிஜமாகவே தேவைப்பட்டுவிடும். அதோடு அது சட்டப்படி குற்றம். டூ-டி ஆயில் என்பது வெறும் நம்பிக்கை, பழுதான எதையும் அது சரி செய்யாது. ஈ.ஜி.ஆரைத் தகடு வைத்து அடைத்தால் சில நாள் வண்டி பறக்கிற மாதிரி இருக்கும், அப்புறம் இன்ஜின் விளக்கு எரியும். சுத்தம் செய்தாலே போதும்.

அவர்கள் யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன், டைமிங் செயின். உங்கள் 1.3 லிட்டர் இன்ஜினில் பெல்ட் கிடையாது, செயின். ஆயில் மாற்றாமல் இழுத்தடித்த வண்டிகளில் அது தளர்ந்துபோகும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜினின் பக்கத்திலிருந்து கடகடவென்று சத்தம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள், செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் என்பதை எனக்குத் தெரிந்த மிக மலிவான இன்ஷூரன்ஸ் என்பேன்.

இந்த இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், புன்டோ, லீனியா, இண்டிகா விஸ்டா என்று அத்தனை வண்டிகளில் வந்ததால் இந்தியாவின் தேசிய இன்ஜின் என்று கிண்டலாகச் சொல்வார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆனாலும் டாக்ஸியாக ஓடும் டிசையர்கள் ரோட்டில் இருக்கும்வரை உதிரிப் பாகத்துக்கும், வேலை தெரிந்த கைக்கும் பஞ்சம் வராது. பழைய காரை வைத்திருக்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கண்ணாடி, கதவு, ஹெட்லைட் மாதிரிச் சாமான்களை கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழசாக வாங்குங்கள், பிரேக், இன்ஜெக்டர் வேண்டாம். 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமானதை ஷோரூமில் நிறையச் சொல்லியிருப்பார்கள். உதிரிப் பாகத்துக்கும் அதே 18 ஆகியிருக்கிறது, அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, இப்போது பணம். '1,25,000 பெறுகிற வண்டிக்கு 68,000 செலவா' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், உங்கள் மனைவியும் அதைத்தான் கேட்டிருப்பார். நான் அப்படிப் பார்ப்பதில்லை. மாதம் எவ்வளவு என்று பார்ப்பேன். 8 லட்சம், 9 சதவீதம், 84 மாதம் என்றால் தவணை ஏறக்குறைய 12,870, மொத்த வட்டி மட்டும் 2,81,000 சொச்சம். வீட்டுத் தவணையோடு சேர்த்தால் 26,870, அதாவது 46,000 சம்பளத்தில் 58 சதவீதம். நாற்பதைத் தாண்டினாலே நான் முகம் சுளிப்பேன். இந்தப் பக்கம், எஸ்டிமேட்டில் உள்ள முழு 68,000மும் செலவாகிறது, அதில் மூன்றே வருடம்தான் ஓட்டுகிறீர்கள் என்று மோசமாகவே வைத்துக்கொண்டாலும் மாதம் 1,890. சர்வீஸ், டயர், பேட்டரி என்று வருடத்துக்கு 25,000 வைத்தால் மாதம் 2,080. கூட்டினால் 4,000க்குள் அடங்குகிறது.

டீசல் மிச்சத்தைப் பெரிதாக நினைக்காதீர்கள். 9,000 கிலோமீட்டருக்கு, டீசல் 18, பெட்ரோல் 16 மைலேஜ் என்று போட்டால் வருடத்துக்குப் பத்தாயிரத்தை ஒட்டித்தான் வித்தியாசம். நல்லதுதான், அதற்காகவே வண்டியை வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஒரு ஒத்திகை பாருங்கள். அடுத்த மாதத்திலிருந்து அந்தக் கார் தவணை அளவுக்கு 13,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள், 4,000 கார் செலவுக்கென்று ஒரு கணக்கில், 9,000 ஆர்.டி.யில். ஆறு மாதம் திணறாமல் போட முடிந்தால் நீங்கள் கார் கடன் வாங்கத் தகுதியானவர். மூணாவது மாதமே ஆர்.டி.யை உடைக்கத் தோன்றினால், ஏழு வருடக் கடனில் என்ன ஆகியிருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தொடர்ந்து போட்டீர்களானால் 36 மாதத்தில் வட்டியை விட்டுவிட்டே 3,24,000 கையில் இருக்கும், அப்போது கடன் சின்னதாகப் போதும்.

ஆர்.சி. (பதிவுச் சான்று) விஷயம். 2026 ஜூனோடு 15 வருடம் முடிகிறது. ஆர்.டி.ஓ. ஆய்வு முடிந்தால் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிப்பார்கள், காருக்குக் கட்டணம் 5,000, பசுமை வரி தனி. தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 கூடுதல், அதனால் முன்கூட்டியே போய்விடுங்கள். 20 வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 10,000 ஆகியிருக்கிறது, உங்களுக்கு அதுவரை காலம் இருக்கிறது. பத்து வருட டீசல் காருக்குத் தடை என்று யாராவது பயமுறுத்தினால், பசுமைத் தீர்ப்பாயம் 2015லும் உச்ச நீதிமன்றம் 2018லும் சொன்னது டெல்லி வட்டாரத்துக்கு என்று சொல்லுங்கள். விற்பதாக இருந்தாலும் ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டு விற்றால்தான் விலை.

எப்போது விடுவது? அடித்தளம், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களில் துரு தின்றிருந்தால் அன்றைக்கே விட்டுவிடுங்கள், மலைப் பாதையில் குடும்பத்தோடு போகிற வண்டி அது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்து, இன்ஜின் பிரித்துப் போடணும் என்று இரண்டு இடத்தில் சொன்னாலும் விட்டுவிடுங்கள். டயர், பேட்டரி தவிர 12 மாதத்துக்குள் 60,000 தாண்டினாலும் அப்படித்தான். இந்த வரம்பை இப்போதே ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்துவிடுங்கள், ஷெட்டில் உட்கார்ந்திருக்கும்போது அது உங்கள் ஞாபகத்துக்கு வராது.

அந்த 1,25,000ல் எவ்வளவு வண்டிக்கான விலை, எவ்வளவு எப்படியும் தரவேண்டிய தள்ளுபடி என்பதையும் கேட்டுப் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் என்ன விலை என்று ஒரே கேள்வி கேட்டால் போதும், தெரிந்துவிடும்.

டெபாசிட்டைத் தொட வேண்டாம், அது மருத்துவச் செலவுக்கும் வேலை போனால் சமாளிக்கவும். மில்லில் தீபாவளி போனஸ் வந்திருக்குமே, கிளட்சுக்கு அதை எடுங்கள். ரிட்டர்ன் டெஸ்ட் செய்யும்போது நாலு பாட்டிலையும் வரிசையாக வைத்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், மிச்சத்தை அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.