கேளுங்கள், எண்ணிச் சொல்கிறேன்

சுகாதாரத் துறையில் புள்ளிவிபர உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: ஐயா, என் மகளுக்கு இது ஐந்தாம் மாதம். மருமகனுக்குப் படுவான்கரையில் நான்கு ஏக்கர் வயல். விதைத்த சில நாளில் களைக்கு மருந்தடிப்பார், பிறகு பூச்சிக்கு. போன வருடம் பக்கத்து வளவில் பிறந்த பிள்ளை 1 கிலோ 900 கிராம்தான். மருந்துதான் காரணம் என்று ஊரே சொல்கிறது. தரவு விஞ்ஞானம் படிக்கும் என் மகன், "கணினியில் போட்டால் கண்டுபிடிக்கலாம் அம்மா" என்கிறான். உண்மையா?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: முதலில் மகளின் காரியம், தங்கச்சி. மருமகன் வயலால் வந்ததும் கிணற்றிலிருந்து தள்ளி நின்று உடுப்பைக் கழற்றி, குளித்துவிட்டு உள்ளே வரட்டும். அந்த உடுப்பை மகள் தொட வேண்டாம். மற்ற உடுப்போடு ஊறவைக்கவும் வேண்டாம். மருந்துப் போத்தலும் அடிக்கும் மெஷினும் வீட்டுக்குள் வரக்கூடாது. கிளினிக் ஒரு தரமும் தவறக்கூடாது.

பக்கத்து வளவுப் பிள்ளைக்கு மருந்துதான் வினையா என்று எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. தாயின் இரத்தச்சோகை, உயர் குருதியமுக்கம், மாதம் நிரம்பாத பிறப்பு என்று நிறை குறைய எத்தனையோ வழிகள் உண்டு. ஆயிரக்கணக்கான பிறப்புகளை ஒன்றாகப் பார்க்கும்போதுதான் ஏதாவது தெரியும்.

கலிபோர்னியாவின் சான் வோக்கின் பள்ளத்தாக்கில் அப்படிப் பார்த்தார்கள். 1997 முதல் 2011 வரையான 5 இலட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகளை, தாயின் வீட்டுப் பக்கத்தில் அடித்த மருந்தின் அளவோடு பொருத்தினார்கள். முடிவு 2017இல் வெளிவந்தது. பெரும்பாலான தாய்மாரிடம் வித்தியாசம் தெரியவில்லை. மிக அதிகமாக மருந்து விழுந்த 5 சதவீதத்தினரிடம் மட்டும், குறைநிறை, குறைமாதம் போன்றவை நேரும் வாய்ப்பு 5 முதல் 9 சதவீதம் கூடியிருந்தது. நூற்றுக்கு ஒன்பது பிள்ளை என்று பயந்துவிடாதீர்கள். ஆயிரத்தில் 60 பிள்ளைக்கு நேர்வது 65 பிள்ளைக்கு நேர்கிறது என்கிற கணக்கு அது.

அவர்களால் முடிந்ததற்குக் காரணம் கணினி அல்ல. விவசாயத்துக்கு அடிக்கும் மருந்து எது, எங்கே, எவ்வளவு என்று அங்கே 1990 முதல் சட்டப்படி அறிவிக்க வேண்டும். மருமகனிடம் போன போகத்தில் எத்தனை மூடி கலந்தார் என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

நம்மிடம் இருப்பவை வேறு. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியும் தண்ணீர் திறக்கும் திகதியும் முடிவாகின்றன. கூட்டக் குறிப்பில் இல்லாததை, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் மனதில் வைத்திருப்பார். மாரி முகிலையும் ஊடுருவிப் பார்க்கும் ராடார் செய்மதி சென்டினல்-1 2014 முதல் மேலே சுற்றுகிறது. எந்த வயலில் எப்போது தண்ணீர் நின்றது, பயிர் எழும்பியது என்று அதன் படங்களில் கண்டுகொள்ளலாம். கர்ப்பிணி அட்டையில் கடைசி மாதவிடாய்த் திகதி இருக்கிறது. மூன்றையும் சேர்த்தால், மருந்தடித்த கிழமைகள் கர்ப்பத்தின் எந்தக் கிழமைகளில் விழுந்தன என்று ஓரளவு கணிக்கலாம். ஆனால் அதே மாரியில் வெள்ளமும் டெங்குவும் வரும், அறுவடைக்கு முன் கையில் காசும் இராது. எல்லாப் பழியையும் மருந்தின் தலையில் கட்டுவது லேசு.

இன்னும் பெரிய பிழை விலாசத்தில் வரும். பேறுகாலத்துக்குப் பெண் தாய்வீடு போகும் ஊர்களில் கணக்கு குழம்பிவிடும். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அவள் சீதன வீட்டில் இருந்தபடியே கர்ப்பமாகி, அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். விலாசம் அசையாது. தரவுக்காரருக்கு இது பெரிய கொடுப்பினை, அரைவாசிக்கு மட்டும். உங்கள் மகள் இருப்பது வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், வயலோ வாவிக்கு அப்பால் படுவான்கரையில். செய்மதி அவள் வீட்டைச் சுற்றித் தென்னையையும் மணலையும் கண்டு "மருந்து இல்லாத இடம்" என்று எழுதிவிடும். மருந்து மருமகனின் சாரத்தில் ஒட்டிக்கொண்டு, குருமண்வெளித் துறைக்குப் பாதையில் (ஆட்களை ஏற்றும் மிதவையில்) ஏறி வாவியைக் கடந்து வீட்டுக்கே வருகிறது! அட்டையில் இரண்டு கேள்விகள் கூடுதலாக வேண்டும்: வீட்டில் மருந்தடிப்பவர் யார், வயல் எந்த வட்டையில் (வயல்வெளியில்)? இவற்றைப் பதியாத வரையில் உங்கள் மகனின் கணினி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஓடினாலும் எழுவான்கரைத் தாய்மாரைத் தவறாகவே கணக்கிடும்.

கேள்வி: விறகடுப்பை விட்டுக் காஸுக்கு மாறினால் பிறக்கும் பிள்ளையின் நிறை கூடுமா?
- வாசகி, சம்மாந்துறை

பதில்: இதற்குச் சுற்றி வளைக்காத பதில் உண்டு. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நாடுகளில் 3200 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குக் காஸ் அடுப்பு கொடுத்தார்கள். இந்தியப் பகுதி தமிழ்நாட்டில் நடந்தது. விறகு வீடுகளில் ஒரு கன மீற்றர் காற்றில் 70 மைக்ரோகிராம் அளவில் இருந்த நுண்துகள் காஸ் வீடுகளில் 24 வரை இறங்கியது. 2022இல் வந்த முடிவில் நிறை வித்தியாசம் 20 கிராம் அளவுதான். தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம். மாறுங்கள் என்றுதான் சொல்வேன், உங்கள் நெஞ்சுக்காகவும் கண்ணுக்காகவும்.

கேள்வி: நிறை குறைந்த பிறப்புகளை ஆராய விரும்புகிறேன். எந்த மொடலில் தொடங்குவது?
- மாணவன், கல்லடி

பதில்: தம்பி, மொடல் இருக்கட்டும். வேலையில் இருந்த காலத்தில் ஒருமுறை ஒரு வருடப் பிறப்பு நிறைகளைக் கையால் கோடு போட்டு எண்ணினேன். 2450 பக்கம் கோடுகள் பற்றை உயரம், 2500இல் தென்னை உயரம்! குறைநிறை என்பது 2500க்குக் கீழே. 2480ஐ 2500 என்று எழுதியதும் அந்தப் பிள்ளை பட்டியலிலிருந்து தப்பிவிடுகிறது. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். இரவு இரண்டு மணிக்கு, பிள்ளை உதைக்க உதைக்க ஆடும் முள்ளைப் பார்த்தவர் அவர்.

அடுத்தது எண்ணிக்கை. நிறைகளின் பரவல் (நியம விலகல்) 450 கிராம் என்று வையுங்கள். 25 கிராம் வித்தியாசத்தை நம்பிக்கையோடு பிடிக்க ஒரு பக்கத்துக்கு 5000 தாய்மார் வேண்டும். ஒரு கிராமத்தின் 40 பிறப்பை வைத்து மொடல் ஓட்டினால் வருவது சாதகக் குறிப்பு.

நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு அட்டையையும் தொடாதீர்கள். பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்கவும் வேண்டாம். கிராம உத்தியோகத்தர் பிரிவும் பிறந்த திகதியும் சேர்ந்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று எங்கள் ஊர்களில் தேநீர்க் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். திகதிக்குப் பதிலாக எந்த வாரம் என்பதை மட்டும் வாங்குங்கள். கையில் கிடைத்ததும் நிறைகளின் கடைசி இரண்டு இலக்கங்களை எண்ணி, 00 எத்தனை, 50 எத்தனை என்று எனக்கு எழுதுங்கள்.