நைட்ரஸ் ஆக்சைடு கிரெடிட்: எந்த அமிலம் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் உமிழ்வை ஈடுகட்ட வெளிநாட்டு கார்பன் கிரெடிட் வாங்க யோசிக்கிறோம். நைட்ரஸ் ஆக்சைடைக் குறைக்கும் ஆலைத் திட்டத்தின் கிரெடிட்டை ஒரு தரகர் மலிவாகத் தருகிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: மலிவு என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். இந்த வாயுவை அழிக்க ஆகும் செலவே குறைவு, பலனோ பெரிது. ஒரு டன் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில், 273 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான குறைப்பு.

எந்த அமிலம் தயாரிக்கும் ஆலை என்பதுதான் முதல் கேள்வி. நைட்ரிக் அமில ஆலையின் எரிகலனுக்குள் துணிபோல நெய்த பிளாட்டினம்-ரோடியம் வலை தணலாகச் சிவந்திருக்கும். அம்மோனியாவும் காற்றும் அதன் வழியே பாயும்போது, வேண்டிய வாயுவோடு கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடும் உண்டாகிவிடும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் டன் அமிலத்துக்கு ஏறக்குறைய 7 கிலோ. வலைக்குக் கீழே வேறொரு வினையூக்கிக் குருணையை ஓர் அடுக்கு பரப்பினால், அதில் பெரும்பகுதி நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைந்துவிடும். உடைந்தது உடைந்ததுதான். மரங்களில் கார்பனைச் சேமிக்கும் காட்டுத் திட்டங்களில் இருப்பதுபோல, நாளைக்குத் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்ற கவலை இங்கே கிடையாது. இதில் ஆலைக்கு வேறு வருமானமும் இல்லை. எனவே சட்டம் கட்டாயப்படுத்தாத நாட்டில், கிரெடிட் பணம் இல்லாமல் இது நடந்திருக்காது என்ற வாதம் நிற்கும்.

வில்லங்கம் அடிப்படை அளவில்தான் வரும். குருணை போடுவதற்கு முன் எவ்வளவு வாயு வெளியேறியது என்பதை வைத்துத்தானே கணக்கு? அந்தச் சமயத்தில் ஆலையை வழக்கத்துக்கு மாறாக ஓட்டி அளவை ஏற்றிக் காட்டலாம். அதனால்தான், வளரும் நாடுகளின் திட்டங்களுக்குக் கிரெடிட் வழங்கிய கியோட்டோ ஒப்பந்த காலத்து ஐ.நா. ஏற்பாடான தூய்மை மேம்பாட்டு முறைமை (CDM), வெப்பநிலை, அழுத்தம், அம்மோனியா-காற்று விகிதம் ஆகியவற்றுக்கு வரம்பு வைத்தது. அந்த அளவீட்டுப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் மட்டும் போதாது.

நைலானுக்கான அடிபிக் அமிலம் என்றால் நான் ஒதுங்கிவிடுவேன். அங்கே டன்னுக்குச் சுமார் 300 கிலோ வாயு வரும். இன்றைய கணக்கில் 80 கிரெடிட்டுக்கு மேல். கிரெடிட்டுக்காகவே அமிலத்தைத் தயாரிக்கத் தோன்றாதா? 2008-09 மந்தத்தில், ஏற்கெனவே வாயுவைக் கட்டுப்படுத்தியிருந்த ஆலைகளிடமிருந்து உற்பத்தி, கிரெடிட் பெறும் திட்ட ஆலைகளுக்கு நகர்ந்ததை ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனம் 2010-ல் சுட்டிக்காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் அடிபிக் அமில ஆலைகளின் இவ்வகைக் கிரெடிட்டுகளைத் தன் கார்பன் சந்தையிலிருந்து விலக்கியது. நைட்ரிக் அமிலக் கிரெடிட்டுகள் அந்தத் தடையில் இல்லை.

இன்னொன்று: பாரிஸ் ஒப்பந்தத்தின் 6-ஆவது பிரிவின்படி, ஆலை இருக்கும் நாடு அந்தக் குறைப்பைத் தன் கணக்கிலிருந்து கழித்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறதா? இல்லையென்றால் ஒரே டன்னை அந்த நாடும் நீங்களும் கணக்கில் காட்டுவீர்கள். குருணைக்கும் ஆயுள் உண்டு. கிரெடிட் காலம் முடிந்த பிறகு அதை மாற்றப்போவது யார் என்பதையும் தரகரிடம் எழுத்தில் கேளுங்கள்.