முதுகு வளையும் நேரம் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

சிட்னி கடற்கரையை ஒட்டிக் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வலசை செல்வதைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளும் மருமகனும் சிட்னியில் இருக்கிறார்கள். வரும் ஜூன் கடைசியில் சென்று ஆறு வாரம் அவர்களுடன் தங்கவிருக்கிறேன். ஒகேனக்கல்லில் பறவைகளைப் படமெடுத்துப் பழகிய கேமராவும் 400 மி.மீ. லென்சும் என்னிடம் உண்டு. படகில் போனால்தான் நல்ல படம் கிடைக்கும் என்கிறார் மருமகன். கரையில் நின்றே எடுக்க முடியுமா? யானைகளைத் துரத்திச் சென்று படமெடுக்கும் கூட்டத்தைப் பார்த்து நொந்தவன் என்பதால், அதே பிழையைக் கடலில் நானும் செய்துவிடுவேனோ என்ற உறுத்தல் இருக்கிறது. இந்தத் திமிங்கிலங்கள் நம் கடலுக்கு வருவதில்லையா என்பதையும் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
ப., பென்னாகரம்

அன்புள்ள ப. அவர்களுக்கு,

கரையில் நின்றே எடுக்கலாம். முதல் சில நாட்களைக் கரைக்கே கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். படகில் ஏறுவது தவறில்லை, ஆனால் கடலை வாசிக்கத் தெரியாமல் படகில் ஏறுபவர், திமிங்கிலம் எங்கே எழும் என்பதைப் படகோட்டி கைகாட்டித்தான் அறிவார். அவர் கைகாட்டிய திசையில் கேமராவைத் திருப்புவதற்குள் அது மூழ்கியிருக்கும். கரையில் மூன்று நாள் உட்கார்ந்தவருக்கு அந்தக் கை தேவைப்படாது.

சிட்னியின் தெற்கே, கர்னெல் பகுதியில், கேப் சோலாண்டர் என்றொரு பாறை முனை இருக்கிறது. 1770இல் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பலில் வந்திறங்கிய ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் டேனியல் சோலாண்டரின் பெயர் அதற்கு. அண்டார்டிக் கடலில் கோடையெல்லாம் இரை தின்று கொழுத்த திமிங்கிலங்கள், குளிர்காலம் தொடங்கியதும் இணை சேரவும் குட்டி ஈனவும் குவீன்ஸ்லாந்தின் வெதுவெதுப்பான நீரை நோக்கி ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் வடக்கே செல்லும்போது இந்த முனையை ஒட்டித்தான் கடக்கின்றன. 1997 முதல் பல ஆண்டுகள் தன்னார்வலர்கள் அந்தப் பாறை மேல் உட்கார்ந்து அவற்றை எண்ணியிருக்கிறார்கள். ஜூன் கடைசியும் ஜூலையும் வடக்கு நோக்கிய ஓட்டத்தின் உச்சம், ஆகவே தாங்கள் செல்லும் காலம் மிகப் பொருத்தமானது.

அங்கே முதல் நாள் நான் செய்த தவறைச் சொல்கிறேன். காலை முழுவதும் கேமராக் கண்ணாடி வழியாகவே கடலைத் துழாவிக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றியிருந்தவர்கள் பதினைந்து திமிங்கிலங்களாவது பார்த்திருப்பார்கள், எனக்கு இரண்டு முதுகுகள் மட்டுமே கிடைத்தன. அன்று பிற்பகலில் எனக்கு நினைவுக்கு வந்தவர் தளி அருகே ராகிக் கொல்லையில் பரண் கட்டிக் காவல் இருந்த பெரியவர். கதிர் முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் இறங்கி வரும் அல்லவா, அவற்றைப் பார்க்க அவரோடு ஓரிரவு பரணில் இருந்தேன். இருட்டில் யானையைத் தேடிக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்த என்னிடம், "ஆனையத் தேடாதீங்க சாமி, அசையற எடத்தப் பாருங்க" என்றார். கடலுக்கும் அதுவேதான். கேமராவை மடியில் வைத்துவிட்டு, எதையும் குறிப்பாக உற்றுப் பார்க்காமல், தொடுவானத்திலிருந்து பாறை வரை கடல் முழுவதையும் ஒருசேரக் கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கோ ஓரிடத்தில் வெண்மையாகப் புகை போன்ற ஒன்று எழுந்து காற்றில் சாயும். அதுதான் மூச்சு.

மூச்சைக் கண்ட பிறகு அவசரப்பட வேண்டாம், ஏனெனில் கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. நீரின் மேல்மட்டத்தில் சில முறை, சிறு சிறு இடைவெளி விட்டு, மூச்சு விடும். பிறகு ஆழத்துக்குப் போய்ப் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து எழும். ஆழத்துக்குப் போகும் அந்தக் கடைசி முறையில் மட்டும் முதுகு மற்ற முறைகளைப் போலத் தட்டையாக வழுக்கிச் செல்லாமல், கூனிட்டு வில்லாக வளையும். இதற்குக் கூன்முதுகு என்ற பெயர் வந்ததே இதனால்தான். முதுகு அப்படி வளைவதைக் கண்டதும் விரலை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும், அடுத்த இரண்டு மூன்று விநாடிகளில் வால் எழக்கூடும். எல்லா முறையும் எழும் என்று சொல்வதற்கில்லை, ஆனால் வளையாத முதுகைத் தொடர்ந்து வால் எழுந்ததை நான் பார்த்ததில்லை. வால் மறைந்த இடத்தில் எண்ணெய் ஊற்றியதைப் போல வட்டமாக ஒரு வழவழப்பு நீரில் நெடுநேரம் நிற்கும். வாலின் உந்துதலால் கீழிருந்து கிளம்பும் நீர் உண்டாக்கும் தடம் அது. அந்தத் தடங்களை வரிசையாகப் பார்த்தால் விலங்கு போகும் திசையும் வேகமும் தெரிந்துவிடும். அடுத்த மூச்சு எங்கே எழும் என்று தாங்களே மகளுக்குச் சொல்லலாம்.

துள்ளலைத்தான் எல்லோரும் படமெடுக்க விரும்புகிறார்கள். 30 டன் எடையுள்ள ஓர் உடல் நீரை விட்டு எழும்பிக் கைத்துடுப்புகளை விரித்து மல்லாந்து விழுவதைப் பார்த்தவர் மறக்கமாட்டார் என்பது உண்மை. அந்தக் கைத்துடுப்பே உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். முதல் துள்ளல் யாருக்கும் கிடைக்காது, ஆனால் பல நேரங்களில் அதே திமிங்கிலம் அதே பகுதியில் மறுபடியும் துள்ளும், எனவே முதல் துள்ளலின் வெண்ணுரை அடங்கும் முன்பே அங்கே குறி வைத்துக் காத்திருங்கள்.

ஆனால் எனக்கு வால் படமே பெரிது. வாலின் அடிப்பக்கத்தில் கறுப்பும் வெள்ளையும் கலந்த வடிவங்களும், தழும்புகளும், ஓரத்தின் பிசிறுகளும் ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் வேறுபடும், நம் கைரேகையைப் போல. 1970கள் முதல் ஆய்வாளர்கள் இதைக் கொண்டு தனித்தனித் திமிங்கிலங்களை அடையாளம் கண்டு வருகிறார்கள். இப்போது ஹேப்பிவேல் என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தாம் எடுத்த வால் படத்தை இடமும் தேதியும் குறித்து ஏற்றலாம், கணினி அதை உலகெங்குமிருந்து வந்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். 2013இல் கொலம்பியாவின் பசிபிக் கரையில் படமெடுக்கப்பட்ட ஓர் ஆண் திமிங்கிலம், 2022இல் ஆப்பிரிக்காவின் கிழக்கே சான்சிபார் அருகில் எடுத்த படத்தில் இருந்தது என்பது இப்படித்தான் தெரியவந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே 13,046 கிலோமீட்டர். பென்னாகரத்திலிருந்து போகும் ஒருவருடைய படமும் அந்தத் தொகுப்பில் ஒரு சான்றாக நிற்க முடியும்.

இதற்கு நிற்கும் இடம் முக்கியம். வாலின் அடிப்பக்கம் பின்னால் இருப்பவருக்குத்தான் தெரியும். வடக்கே செல்லும் திமிங்கிலம் தங்களைக் கடந்து வடகிழக்கே போன பிறகுதான் அந்தப் பக்கம் தங்களுக்குக் காட்டப்படுகிறது. கடந்துவிட்டதே என்று பலரும் கேமராவைத் தாழ்த்தும் நேரம் அது, தாங்கள் தாழ்த்தாதீர்கள். கிழக்கு நோக்கிய கரை என்பதால் காலையில் வெயில் முகத்தில் அடிக்கும். அந்த எதிர்வெயிலில் மூச்சு ஒளிர்ந்து எளிதில் கண்ணில் படும், உடலோ வெறும் கரிய நிழலாகத்தான் பதியும். பிற்பகலில் வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடுவதால் வாலின் வெள்ளை தெளிவாக விழும். ஷட்டர் வேகம் நொடியில் 1,000இல் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும், ஃபோகஸ் தொடர்ந்து பின்பற்றும் முறையில் இருக்கட்டும், மற்றதெல்லாம் பறவைக்குச் செய்வதுதான். 400 மி.மீ. போதும்.

படகைப் பற்றி இனிச் சொல்கிறேன். ஆஸ்திரேலிய விதிகளின்படி படகு எதுவும் திமிங்கிலத்தை 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. குட்டி உடன் இருந்தால் 300 மீட்டர். முன்னால் சென்று வழி மறிப்பதும் பின்னால் துரத்துவதும் கூடாது. திமிங்கிலம் தானாகவே அருகில் வந்தால் படகு முன்னேறாமல் நின்று, அது போகும் வரை காத்திருக்க வேண்டும். குட்டிக்கு மட்டும் ஏன் இத்தனை தூரம் என்று கேட்கலாம். பிறக்கும்போதே ஏறத்தாழ ஒரு டன் எடை கொண்ட குட்டிக்கு, மாதக்கணக்கில் ஏதும் தின்னாத தாய், தன் உடலின் கொழுப்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கிறாள். அண்டார்டிக் திரும்பும் வரை அவளுக்கு வேறு இரை பெரிதாக இல்லை. படகைக் கண்டு அவள் விலகி வேகமாக நீந்தும் ஒவ்வொரு முறையும் குட்டிக்குப் போக வேண்டியதிலிருந்து ஒரு பங்கு செலவாகிறது. சானமாவு பக்கம் ஏரிக்கரையில் ஒதுங்கி நின்ற யானைக் கூட்டத்தை இளைஞர்கள் கைப்பேசியோடு சூழ்ந்துகொண்டதையும், குட்டியை நடுவில் வைத்துக்கொண்டு மாலை முழுவதும் தண்ணீரை விட்டு வெளியே வர முடியாமல் அந்தப் பெண் யானைகள் தவித்ததையும் நான் கண்ணால் பார்த்தேன், ஆகவே தங்கள் உறுத்தல் எனக்கு நன்றாகப் புரிகிறது. படகில் போவதென்றால், பதிவு செய்யும் முன் இந்தத் தூரங்களைப் பற்றிப் படகு நடத்துபவர்களிடம் கேளுங்கள். தெளிவாக விடை சொல்பவரோடு போங்கள், மிக அருகில் காட்டுகிறேன் என்று ஆசை காட்டுபவரை விட்டுவிடுங்கள். படகு ஆடும்போது பரிசலில் உட்கார்ந்ததைப் போல இடுப்பைத் தளர்த்திக்கொண்டால் தொடுவானம் சாயாமல் படம் வரும், இதைத் தங்களுக்கு நான் கற்பிக்கத் தேவையில்லை.

இந்தக் காட்சி இன்று கிடைப்பதே பெரும்பேறு என்பதையும் சொல்ல வேண்டும். பிரிஸ்பேன் அருகே டாங்கலூமாவில் இருந்த திமிங்கில வேட்டை நிலையம் 1952க்கும் 1962க்கும் இடையே மட்டும் 6,277 கூன்முதுகுத் திமிங்கிலங்களை வெட்டியது. அண்டார்டிக் கடலில் சோவியத் கப்பல்கள் கணக்கில் காட்டாமல் ஆயிரக்கணக்கில் கொன்றன. 1960களின் தொடக்கத்தில் அந்தக் கிழக்குக் கரையில் எஞ்சியவை சில நூறுதான். வேட்டை நின்றதால் இன்று அவை 40,000ஐத் தாண்டியிருக்கின்றன, 2022இல் ஆஸ்திரேலியா தன் அழிவாபத்துப் பட்டியலிலிருந்தே இவ்வினத்தை நீக்கியது.

நம் கடலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரபிக்கடலில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் உண்டு, ஆனால் அவை வலசை போவதில்லை. ஏறத்தாழ 70,000 ஆண்டுகளாக மற்றக் கூட்டங்களிலிருந்து பிரிந்து, ஆண்டு முழுவதும் அரபிக்கடலிலேயே வாழ்ந்து அங்கேயே குட்டி ஈனுகின்றன. 1960களின் நடுவில் சோவியத் கப்பல்கள் ஓமன், பாகிஸ்தான், இந்தியக் கரைகளை ஒட்டி 242 திமிங்கிலங்களைக் கொன்றன, ஓமன் கரையில் இன்று அவை நூறுக்கும் குறைவு என்றே மதிப்பிடுகிறார்கள். ஓமனில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்ற பெண் திமிங்கிலம் 2017 டிசம்பரில் அரபிக்கடலைக் குறுக்கே கடந்து நம் மேற்குக் கரைக்கு வந்து, கரையை ஒட்டித் தெற்கே சென்றது. ஆகவே அவை நம் கடலுக்கு வருகின்றன. சிட்னியைப் போலப் பாறையில் உட்கார்ந்து எண்ணும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஜூலை மாதத்தில் அந்த முனையில் மேற்கிலிருந்து குளிர்காற்று வீசும். காதை மூடும் குல்லாவும் தொலைநோக்கியும் அவசியம் கொண்டு செல்லுங்கள். வால் படம் கிடைத்தால் நேரத்தையும் இடத்தையும் அன்றே எழுதி வைத்துக்கொண்டு எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து