கல்லூரி முதல்வர் பதவி: விளம்பரம் வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் கல்லூரியில் பொருளியல் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். 18 ஆண்டு சர்வீஸ், முனைவர் பட்டமும் உண்டு. எங்கள் முதல்வர் இரண்டு ஆண்டில் ஓய்வுபெறுகிறார்; அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்க எனக்கு ஆசை. “வீட்டையும் வைத்துக்கொண்டு உங்களால் முடியுமா மேடம்?” என்று இப்போதே சிலர் ஆரம்பித்துவிட்டார்கள். விளம்பரம் வந்த பிறகு தயாரானால் போதாதா?

பதில்: போதாது. விளம்பரம் வரும்போது பாதி விஷயம் முடிந்திருக்கும்.

முதலில் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி கல்லூரி முதல்வருக்கு முனைவர் பட்டம், 15 ஆண்டு அனுபவம், தரமான ஆய்விதழ்களில் குறைந்தது 10 கட்டுரைகள், ஆய்வு மதிப்பெண் 110 வேண்டும். பலர் சறுக்குவது அந்த 110இல்தான். உங்கள் துறையில் தனியாக எழுதிய கட்டுரைக்கு 10; இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 7. பத்துமே கூட்டுக் கட்டுரை என்றால் 70இல் நின்றுவிடுவீர்கள். உங்களிடம் ஆய்வு செய்த மாணவர் ஒருவர் பட்டம் வாங்கினால் 10, தேசிய அளவிலான பதிப்பகத்தில் நூல் வந்தால் 10. இன்றைக்கே ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். கட்டுரை வெளிவரவே ஒரு வருடம் ஓடிவிடும்.

சரி, அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. கல்லூரியில் இப்போது உங்கள் பொறுப்பு என்ன? கலைவிழாக் குழு, மாணவியர் விடுதி, விருந்தினர் வரவேற்பு என்றுதான் இருக்கும். வாசலில் சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டுமாக நிற்பது யார்? மூத்த பேராசிரியையாகத்தான் இருப்பார். நானும் பல வருடம் அந்தத் தட்டைப் பிடித்தவள்தான். முதல்வர் பதவிக்கான என் முதல் நேர்காணலில், “நிதி நிர்வாகத்தில் என்ன செய்திருக்கிறீர்கள்?” என்றார்கள். சொல்ல ஒன்றுமில்லை. பதவியும் கிடைக்கவில்லை.

ஆகவே காசும் கோப்பும் புரளும் பொறுப்பைக் கேளுங்கள்: தேர்வுப் பணி, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான அறிக்கை, நிதிக்கான பயன்பாட்டுச் சான்றிதழ், ஆடிட். எழுத்தில் கேளுங்கள். ஆணையின் நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். “மேடம்தான் எல்லாம் பார்க்கிறார்” என்ற வாய்ச்சொல் நேர்காணலில் செல்லாது.

வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். செட்டியார்கள் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய் வருடக்கணக்கில் திரும்பாதபோது, அத்தனை பெரிய வீட்டையும் வரவு செலவையும் கட்டிக்காத்தவர்கள் ஆச்சிகள். இந்த ஊரில் நின்றுகொண்டு பெண்ணுக்கு நிர்வாகம் வருமா என்று கேட்பது வேடிக்கைதான். அப்படிக் கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஆனால் வீட்டில் பேசிவிடுங்கள். சாயங்காலக் கூட்டம் எட்டு மணிக்கு முடிந்தால் சமையல் யார், பெரியவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது யார் என்பதை இப்போதே பேசி முடிவுசெய்வது நல்லது.

இன்னொரு விஷயம். பெண் விண்ணப்பித்திருந்து தேர்வுக் குழுவில் பெண் யாரும் இல்லையென்றால், துணைவேந்தர் ஒரு பெண் கல்வியாளரை நியமிக்க வேண்டும் என்கிறது அதே யுஜிசி விதிமுறை. நேர்காணலுக்கு முன்பே பணிவாக நினைவூட்டலாம், தப்பில்லை.

உங்கள் கல்லூரி விளம்பரத்துக்காக மட்டும் காத்திருக்காதீர்கள். தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ இடம் வந்தாலும் விண்ணப்பம் போடுங்கள். கிடைக்காவிட்டாலும் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும். 110க்கு எவ்வளவு குறைகிறது என்று கூட்டிவிட்டு எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.