பட்டறையில் விட்ட டிரெய்லர், மழையில் துரு, கொக்கி திருட்டு: "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று எழுதிவிட்டால் போதுமா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் நான்கு ஏக்கரில் கரும்பு போட்டிருக்கிறேன். சொந்த டிராக்டர், டிரெய்லர் உண்டு, நானேதான் ஓட்டுகிறேன். வெட்டு சமயத்தில் பக்கத்துக் கொல்லைக்காரர்களின் கரும்பையும் ஆலைக்கு ஏற்றிப்போவேன். ஐப்பசி தொடக்கத்தில் டிரெய்லரின் இழுவைத் தண்டு விரிசல் விட்டது. கொக்கியும் தேய்ந்திருந்ததால் 9,200 ரூபாய்க்குப் புதுக் கொக்கி செட் வாங்கி, டிரெய்லரில் வைத்துப் பட்டறையில் விட்டேன். பத்து நாளில் தருவதாகச் சொல்லி 5,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியவர், ஐந்து வாரம் இழுத்தடித்தார். ஷெட்டுக்கு வெளியே ரோட்டோரம் மழையில் நின்று தளத் தகடு முழுக்கத் துரு. போன வாரம் கொக்கி செட்டும் திருடு போய்விட்டது. கேட்டால், "வைக்கப்படும் பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று சுவரில் எழுதியிருப்பதைக் காட்டுகிறார். மீதி 7,000 கொடுத்தால்தான் டிரெய்லர் என்கிறார். போலீஸில் "பட்டறைக்காரர் வந்து புகார் கொடுக்கட்டும்" என்கிறார்கள். இன்சூரன்ஸ் கிடைக்குமா? நான் என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோபத்தில் ராத்திரியோடு ராத்திரியாக டிராக்டரைக் கொண்டுபோய் டிரெய்லரை இழுத்து வந்துவிடாதீர்கள். உங்கள் பொருள்தான், ஆனாலும் அது திருட்டு வழக்காகலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 303-வது பிரிவு இதற்கு ஓர் உதாரணமே தருகிறது: பழுதுபார்க்கக் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கூலிப் பாக்கிக்காகக் கடைக்காரர் நியாயமாகப் பிடித்து வைத்திருக்கும்போது, அந்தப் பிடிமானம் அவருக்கு இல்லாமல் போகட்டும் என்று சொந்தக்காரர் எடுத்துக்கொண்டு போனால் அது திருட்டு.

செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கும் உரிமையை இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-வது பிரிவு பட்டறைக்காரருக்குத் தருகிறது. ஆனால் செய்து முடித்த வேலைக்கு மட்டும்தான். தண்டைப் பற்றவைத்துவிட்டார் என்றால் அந்தக் கூலியை, "என் இழப்பைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கொடுக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். டிரெய்லரை மீட்டு வந்து கூரைக்கடியில் நிறுத்துங்கள். அது அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும் துரு ஏறுவது உங்களுக்குத்தான் நஷ்டம். ஓட்டி வருவதற்கு முன்பு தளத் தகடு, கதவுக் கீல், டயர், பற்றவைத்த இடம் எல்லாவற்றையும், அந்தச் சுவர் எழுத்தும் ரோட்டோரமும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். வேலை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும் என்று பொருளை ஒருவர் கையில் கொடுப்பதைச் சட்டம் 'ஒப்படைப்பு' என்கிறது. கோர்ட்டில் பெயில்மென்ட் என்போம். ஒப்படைப்பு என்று ஆகிவிட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு வந்துவிடும்: சராசரி விவேகமுள்ள ஒருவர் அதே மாதிரியான தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனம் எடுத்தாக வேண்டும். புதுக் கொக்கி செட்டை ராத்திரியில் ரோட்டோரம் திறந்த டிரெய்லரில் யாராவது போட்டு வைப்பார்களா? அவருடைய வெல்டிங் மெஷினை அப்படி வெளியே விட்டிருப்பாரா? இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

சுவரில் எழுதியது அவரைக் காப்பாற்றாது. டெல்லி தாஜ் மகால் ஓட்டல் வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. 1998-இல் அந்த ஓட்டலுக்கு வந்த ஒருவர் காரை நிறுத்தச் சொல்லி ஊழியரிடம் ஒப்படைத்தார். கார் திருடு போனது. கொடுத்த டோக்கனிலேயே 'சொந்தக்காரர் பொறுப்பு' என்று அச்சடித்திருந்தது. பொருளை வாங்கி வைத்துக்கொண்டவர், இழப்பு தன் அலட்சியத்தால் வரவில்லை என்று முதலில் அவர்தான் விளக்க வேண்டும், அதைச் செய்யாமல் அச்சடித்த வாசகத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அது ஓட்டல் வழக்கு என்றாலும் அடிப்படை இதே ஒப்படைப்புச் சட்டம்தான். உங்கள் வாதத்துக்கு நன்றாகவே கைகொடுக்கும்.

இதைவிடப் பலமான பிடி இன்னொன்று உங்களிடம் இருக்கிறது: அதே சட்டத்தின் 161-வது பிரிவு. சொன்ன தேதியில் பொருளைத் திருப்பித் தராதது அவர் தவறு என்றால், அந்தத் தேதிக்குப் பிறகு ஏற்படும் இழப்பு, அழிவு, சேதம் எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. 'கவனமாகத்தான் வைத்திருந்தேன், மழை பெய்தால் நான் என்ன செய்ய, திருடன் வந்தால் நான் என்ன செய்ய' என்ற வாதம் அங்கே எடுபடாது. பத்து நாள் என்று சொன்னார். கொக்கி போனது ஐந்தாவது வாரத்தில். துருவில் பெரும்பகுதியும் அந்தப் பத்து நாளுக்குப் பிறகு ஏறியதுதான். அதனால் பத்து நாள் என்று அவர் சொன்னதற்கு ஆதாரம் என்ன என்பதில்தான் உங்கள் வழக்கே நிற்கும். அட்வான்ஸ் சீட்டில் தேதி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் தேடுங்கள். "இன்னும் ரெண்டு நாள்ணே", "அடுத்த வாரம் வாங்க" என்று அவர் அனுப்பிய குரல் பதிவு ஒன்று கிடைத்தாலும் தங்கம். எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க பாரதிய சாக்ஷிய அதிநியமின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுப்படி சான்றிதழ் தரவேண்டியிருக்கும். மூலப் போன் கையில் இருந்தால் அது சுலபம்.

போலீஸ் சொன்னது சரியல்ல. திருட்டைப் பற்றி யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். பொருளின் சொந்தக்காரருக்கு இல்லாத உரிமையா? எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள், அப்புறம் எஃப்.ஐ.ஆர். நகல். மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-இன்படி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புகாரில் இரண்டு விவரம் விடுபடக் கூடாது. ஒன்று, 9,200 ரூபாய் பில். 5,000 ரூபாய்க்குக் கீழான திருட்டைப் புதிய தண்டனைச் சட்டம் லேசாகப் பார்க்கிறது. மதிப்பை எழுதாவிட்டால் உங்கள் புகாரும் அந்தக் கணக்கில் போய்விடும். இன்னொன்று, கொக்கி டிரெய்லருக்குள் இருந்து எடுக்கப்பட்டது என்பது. சரக்கு ஏற்றும் வாகனத்திலிருந்து பொருளைத் திருடினால் அதே தண்டனைச் சட்டத்தின் 305-வது பிரிவு. 7 ஆண்டு வரை சிறை. பட்டறைக்காரரைத் திருடன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் செய்தது அலட்சியம் என்பதுவரைதான் உங்களுக்குத் தெரியும். சுற்றுவட்டாரக் காயலான் கடைகளை விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் தவறில்லை.

இன்சூரன்ஸை நம்பி இருக்காதீர்கள். டிராக்டருக்குப் பாலிசி இருப்பதாலேயே டிரெய்லருக்கும் இருப்பதாக ஆகாது. டிரெய்லர் அதில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும், வண்டி போகாமல் உபகரணம் மட்டும் திருடு போனால் வர்த்தக வாகனப் பாலிசிகள் வழக்கமாகப் பணம் தருவதில்லை. துரு தேய்மானக் கணக்கில் போய்விடும்.

ஆகவே கேட்க வேண்டிய இடம் பட்டறைதான். ஒப்புகையுடன் தபாலில் ஒரு நோட்டீஸ், 15 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 'வாடகைக்கு ஓட்டுகிறவர் நுகர்வோரே அல்ல' என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கிளப்பும். பயப்பட வேண்டாம். கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் சம்பந்தப்பட்ட லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதை அலசியிருக்கிறது: பிழைப்புக்காகத் தானே உழைத்து ஓட்டுகிறவர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும், நுகர்வோர்தான். டிராக்டரை நீங்களே ஓட்டுவதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்? கொக்கி விலை, துரு சுரண்டி பெயின்ட் அடிக்க வேறொரு பட்டறை தரும் எஸ்டிமேட், மன உளைச்சல், வழக்குச் செலவு. வருமான இழப்பில் கொஞ்சம் நிதானம் வேண்டும். வெட்டு சீசன் வருகிறது, அதற்குள் வண்டி வேண்டும் என்று கொடுக்கும்போதே அவரிடம் சொல்லியிருந்தால்தான் அது நிற்கும். அதோடு ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவுப்படி, இழப்பைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் பார்ப்பார்கள். இந்த வாரமே வாடகை டிரெய்லர் எடுத்து ரசீது வைத்துக்கொள்ளுங்கள். சும்மா இருந்துவிட்டு சீசன் முழுவதற்கும் கேட்டால் ஆணையம் தராது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்குப் போன் செய்து மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

அடுத்த முறை கொக்கி வாங்கியதும் டிராக்டர் நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தைப் பஞ்ச் அடித்து, அது தெரிய ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கொக்கிக்கு சேசிஸ் நம்பர் கிடையாது. காயலான் கடையில் பிடிபட்டாலும் உங்களுடையது என்று காட்ட வேறு வழியில்லை. பட்டறையில் விடும்போது என்னென்ன விட்டீர்கள், எந்தத் தேதியில் தருவார், கூரைக்கடியில் வைப்பாரா என்ற மூன்றையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாட்டப்போகிற அன்றைக்குத்தான் கொக்கியைக் கொண்டுபோக வேண்டும். அதுவரை கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி வீட்டிலேயே வைத்திருங்கள்.