பாங்காக்கில் உள்ளூர்ச் சந்தைக்குப் போனால் மதியச் சாப்பாட்டை எப்படி வாங்கிச் சாப்பிடுவது?

முதல் முறை என்றால் ஓர் தோர் கோர் சந்தைக்குப் போங்கள். கம்பேங் பெட் மெட்ரோ நிலையத்தின் 3ஆம் வாயிலில் ஏறினால் சந்தைதான். விலை மற்ற சந்தைகளைவிடக் கூடுதல், ஆனால் சுத்தமாக இருக்கும்.

காய்கறிப் பக்கத்தை முதலில் சுற்றுங்கள். சுண்டைக்காய், பேரரத்தை எல்லாம் குவிந்திருக்கும். 'க்ரப்பாவ்' என்று விற்பது நம் துளசியேதான். அங்கே இறைச்சியோடு வதக்குவார்கள்.

பதினொன்றரைக்குள் சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். பன்னிரண்டுக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிடும். தட்டுத் தட்டாகக் குழம்பு வைத்திருக்கும் கடைக்குக் 'காவ் கேங்' என்று பெயர். காலையில் சமைத்து வைத்தவை என்பதால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பிற்பகலில் போனால் தேங்காய்ப்பால் குழம்பைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வெக்கையில் அதுதான் முதலில் கெடும்.

'காவ் சோங் யாங்' என்றால் சோற்றின் மேல் இரண்டு வகை. வகையின் எண்ணிக்கைக்குத்தான் விலை. இரண்டையும் ஒரே சோற்றில் ஊற்றுவார்கள், அதனால் புளிக்குழம்பையும் தேங்காய்ப்பால் குழம்பையும் சேர்த்துக் கேட்காதீர்கள், இரண்டுமே பாழ். ஒன்று குழம்பு, ஒன்று வதக்கல் என்று எடுங்கள். தனித்தனியாக வேண்டுமானால் 'யேக்' என்று சொல்லுங்கள். வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்கரண்டி சோற்றைத் தள்ளித் தர மட்டுமே.

சைவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 'மீன் சாறு (உப்புக்குப் பதில் ஊற்றும் மீன் சாஸ்) வேண்டாம்' என்று காவ் கேங் கடையில் சொல்லிப் பயனில்லை. இறால் விழுது மசாலாவிலேயே அரைத்துச் சேர்ந்திருக்கும், காய்க்குழம்பாக இருந்தாலும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதிய கடையைத் தேடுங்கள். அந்த எழுத்து பார்வைக்கு 17 போலவே இருக்கும். அங்கே முட்டை, பால், பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. 'மங்சவிரட்' என்பதும் சைவம்தான், ஆனால் முட்டை இருக்கலாம்.

பப்பாளிக்காய் சாலடான சோம் தாமைக் கேட்ட பிறகுதான் இடிப்பார்கள், அதனால் மாற்றிக் கேட்கலாம். உலர்ந்த இறால் வேண்டாம் என்பதற்கு 'மாய் சாய் குங் ஹேங்'. காரத்துக்கு மிளகாய்க் கணக்கே சொல்லுங்கள்: 'ப்ரிக் சோங் மெட்', இரண்டு மிளகாய். ஆனால் உரலில் முந்தைய ஆளின் மீன் சாறு ஒட்டியிருக்கும். கண்டிப்பான சைவர்களுக்கு இது ஆகாது. கூட வரும் ஒட்டுச் சோற்றைக் கையால் உருட்டித்தான் சாப்பிடுவார்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

20, 100 பாட் தாள்களாக வைத்திருங்கள். 1,000 பாட் தாளை நீட்டினால் சின்னக் கடைகளில் சில்லறை இருக்காது.