சொட்டும் இல்லை, புகையும் இல்லை, ஆயிலையும் காணோம்

கும்பகோணத்தில் முப்பது வருஷம் பட்டறை நடத்தியவன் நான். இப்போது பையன் பார்க்கிறான். நான் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்கிறேன். இன்று பழைய கார்களில் ஆயில் குறைவதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

மன்னார்குடி: 2004 மாருதி 800, அண்ணே. ஆயில் மாற்றி 1,500 கிலோமீட்டர் ஓடுவதற்குள் அளவு பார்க்கும் ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிடுகிறது. தரையில் சொட்டு இல்லை, புகையும் இல்லை. மெக்கானிக் என்ஜினை இறக்கணும் என்கிறார்.

இறக்க விடாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன், சமதரையில், ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். கிலோமீட்டரோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். மாலையில் வயலிலிருந்து வந்து, வரப்போரம் சாய்ந்து நிற்கும் வண்டியில் பார்த்த அளவு அளவே இல்லை.

ஆயில் மூன்று வழியில்தான் போகும்: வெளியே ஒழுகும், உள்ளே எரியும், இல்லாவிட்டால் ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும். தரையில் சொட்டு இல்லை என்பதால் ஒழுகவில்லை என்று ஆகாது. பல ஒழுகல் ஓடும்போது மட்டும்தான். சைலன்சர் பைப்பில் விழுந்து எரிந்துவிடும், காற்று அதை அடிப்பக்கம் முழுக்கப் பூசிவிடும். என்ஜினை டீசல் போட்டுக் கழுவித் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, தஞ்சாவூர் வரை ஒரு நடை போய் வந்து டார்ச் அடியுங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். ஆயில் கீழேதான் இறங்கும், காற்று பின்னால்தான் தள்ளும். அதனால் நனைந்த இடங்களில் எது மேலே, எது முன்னே இருக்கிறதோ அதுதான் ஊற்று. கீழே சேம்பர் (ஆயில் தொட்டி) நனைந்திருக்கிறது என்று சேம்பர் பேக்கிங்கை மாற்றிவிட்டு, மேலே என்ஜின் தலையை மூடும் டேப்பட் கவரை விட்டுவிடுவார்கள். ஆயில் பிரஷர் சுவிட்சையும் பாருங்கள்; கட்டைவிரல் அளவு சாமான், நிறைய வண்டிகளை ஏமாற்றியிருக்கிறது.

சரி, புகை இல்லை என்றீர்களே, யார் பார்த்தது? ஓட்டுபவருக்கு அது தெரியாது. பின்னால் பைக்கில் ஒருவரை வரச் சொல்லுங்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்: ரொம்ப நேரம் ஐட்லிங்கில் நின்று, கேட் திறந்ததும் மிதிக்கும்போது நீலமாக ஒரு மூட்டம் வந்து அடங்கினால் வால்வு சீல் (ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) காய்ந்துவிட்டது. காலை ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு வீச்சு வந்தாலும் அதேதான். லோடில் இழுக்க இழுக்க நீலம் விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அதையும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்காமல் நம்பாதீர்கள். அளவு குறைவாக வரும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு பக்கம். இதையெல்லாம் செய்யாமல் என்ஜினை இறக்கச் சொல்பவர் வண்டியைப் பார்க்கவில்லை, உங்கள் பையைப் பார்க்கிறார்.

திருவாரூர்: ஆயில் மூடிக்கு அடியில் தயிர் மாதிரி வெள்ளையாக இருக்கிறது சார். ஹெட் கேஸ்கெட் போச்சா?

தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? கடைக்கும் வீட்டுக்கும் 2 கிலோமீட்டர் என்றால், என்ஜின் சூடாகாமல் ஈரம் தங்கி மூடியில் மட்டும் தயிர் கட்டும். மழைக்காலத்தில் சகஜம். ஸ்டிக்கிலும் வெள்ளை தெரிந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஆயிலையும் தண்ணீரையும் பிரித்து வைக்கும் அந்தக் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள், வண்டியை எடுக்காதீர்கள்.

பாபநாசம்: பழைய பெட்ரோல் அம்பாசடர் ஐயா. எனக்கு ஆயில் குறையவில்லை, கூடுகிறது!

சந்தோஷப்படாதீர்கள். ஸ்டிக்கை மூக்கருகே கொண்டு போங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்து பெட்ரோல் சேம்பருக்குள் இறங்குகிறது. ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பம்பைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிவிட்டு எடுங்கள்.

ஒரத்தநாடு: எவ்வளவு குறைந்தால் பரவாயில்லை?

1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை சரி என்று சொல்லும் கம்பெனிக் கையேடுகள் உண்டு. என் கணக்கில் அரை லிட்டர் தாண்டினால் தேட ஆரம்பிக்கலாம்.

பேராவூரணி: தரையில் சொட்டு இல்லை, புகையும் இல்லை, ஆனால்...

மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பட்டுக்கோட்டை: எங்கள் மெக்கானிக் 90 நம்பர் கியர் ஆயில் கால் லிட்டர் கலந்தார். புகை நின்றுவிட்டது. இவ்வளவு சோதனை எதற்கு?

வண்டியை விற்கப்போகிறவர் செய்யும் வேலை அது தம்பி. வாங்குபவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் புகை திரும்பிவிடும்.

மயிலாடுதுறை (நானும் மெக்கானிக்தான்): அண்ணன் 90 என்ற நம்பரைக் காட்டிப் பயமுறுத்தக் கூடாது. கியர் ஆயிலுக்கு அளவுகோல் வேறு. 90 என்பது கெட்டியில் என்ஜின் ஆயில் 40, 50க்குப் பக்கத்தில்தான்.

கெட்டிக் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் நம்பரைப் பற்றிப் பேசவில்லை, அதில் கலந்திருக்கும் மருந்தைப் பற்றிப் பேசுகிறேன். கியர் ஆயிலில் பற்கள் தேயாமலிருக்கக் கந்தகக் கலவை உண்டு. என்ஜின் சூட்டில் அது செம்பு கலந்த புஷ்களை அரிக்கும். கசடைக் கழுவும் மருந்து என்ஜின் ஆயிலில்தான் இருக்கிறது.

மயிலாடுதுறை: கால் லிட்டரில் என்ன அரித்துவிடும்? வாடகை வண்டிக்காரன் சீசன் முடியும்வரை ஓட்டணும். என்ஜின் வேலைக்குப் பணம் அண்ணன் தருவீர்களா?

தரமாட்டேன். அதற்காகக் கியர் ஆயில் எதற்கு? தேய்ந்த பழைய என்ஜினில் கெட்டியான என்ஜின் ஆயில், 20டபிள்யூ-50, ஊற்றி ஓட்டச் சொல்லுங்கள். குடிப்பது குறையும், சேதமும் இல்லை. அம்பாசடருக்கு நானே எத்தனையோ முறை ஊற்றியிருக்கிறேன். மெல்லிய 5டபிள்யூ-30 கேட்கும் இப்போதைய என்ஜினில் மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

மயிலாடுதுறை: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

சொல்லவில்லை. கியர் ஆயிலைச் சொன்னீர்கள்.

பட்டுக்கோட்டை: அப்படியானால் நான் என்ன ஊற்றுவது?

இருப்பதை வடித்துவிட்டு, 20டபிள்யூ-50. ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். ஆயில் கூடினால் கிராங்க் அதை நுரையாகக் கடையும், காய்ந்த சீல்களைத் தள்ளிவிடும்.

தஞ்சாவூர்: 2008 டர்போ டீசல் கார். டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்று போகும் இன்டர்கூலர் பைப்பைக் கழற்றினால் ஆயில் வடிகிறது.

லேசான பிசுக்கு சகஜம். குளம் கட்டி நின்றால் டர்போ சீல் போயிருக்கும், அல்லது பிரீதர் (என்ஜின் மூச்சு விடும் குழாய்) அடைத்திருக்கும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக வேகம் ஏறினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

நாகப்பட்டினம்: ஏசி கூலிங் வரவில்லை.

ஏசிக்காரரைக் கேளுங்கள்.

வலங்கைமான்: சொட்டு இல்லை, புகை இல்லை...

மேலே.

மன்னார்குடி (மறுபடியும்): அண்ணே, இப்போதுதான் டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தேன். ரோட்டில் காயப்போட்ட வைக்கோல் சேம்பரைச் சுற்றி ஒரு கட்டு மாட்டியிருக்கிறது. உருவினால் கையெல்லாம் ஆயில்.

அப்படியானால் தரையில் எப்படிச் சொட்டும்? வைக்கோல்தான் குடித்திருக்கிறது. ஒரு துரும்பு விடாமல் எடுங்கள். ஆயில் ஊறிய வைக்கோல் சைலன்சரில் பட்டால் நடுரோட்டில் பற்றிக்கொள்ளும். அப்புறம் கழுவிவிட்டுப் பவுடர். கோடு எங்கிருந்து இறங்குகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.